வெள்ளாடையும் வெறுங்காலும்

‘ஆள்பாதி, ஆடைபாதி’ என்பது நம்மவர் பழமொழி. விளையாட்டுக்களுள் இப்பழமொழியை எழுத்துப் பிசகாமற் காத்து வந்த பெருமை ரெனிஸ் ஆட்டத்திற்கு உரியது. உதைபந்தாட்டத்தில் அணிக்கோர் நிறம், கரப்பந்தாட்டத்திலும் அவ்வாறே. ரெனிஸ் ஆடுவோர் மட்டும் தலை முதற் கால் வரை வெண்ணிறமே பூண்டு களத்தில் இறங்க வேண்டுமென்பது நெடுங்கால மரபு.

எம் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நம்மிடமிருந்து இலக்கிய ஆராய்ச்சியொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்த நாள் தொட்டு அட்டனைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளிலேயே நாம் காலங் கழித்து வருகின்றோம். அங்கே நாடோறும் நம் கண்முன் நிற்பது பிள்ளைகளின் கால். ஆதலின் ரெனிஸ் ஆட்டத்தின் ஆடையையும் சப்பாத்தையும் பற்றிச் சில கூற விழைகின்றோம். பொருள் சிறிதெனினும் அதனுள் நம் மக்களின் வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

இன்று நாம் காணும் புற்றரை ரெனிஸ் ஆட்டத்திற்கு விங்ஃபீல்ட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி உரிமை பெற்றது 1874 இல். விம்பிள்டன் போட்டி தொடங்கியது 1877 இல். அக்காலத்தில் நம் மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? 1869 இற் கண்டறியப்பட்ட இலை நோயினாற் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையில் 1867 இற் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நுவரெலியாவில் ஹில் கிளப் என்னும் துரைமார் கழகம் 1876 இல் அமைந்தது. தரவளையிலும் ரதல்லையிலும் தோட்டத் துரைமாரின் விளையாட்டுக் கழகங்கள் சிறந்தன. ரெனிஸ் ஆட்டமும் தேயிலையும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்து, இம்மலைகளில் ஒருங்கே வளர்ந்தன என்று கூறுதல் மிகையன்று. சமதரை அரிதான இம்மலைகளில் ஆடுகளம் வேண்டுமாயின் சரிவை வெட்டி, மண் நிரப்பி, உருளையிட்டுச் சமன் செய்தல் வேண்டும். அவ்வேலையைச் செய்தவர் யாரென்று மலையகத்தார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டத்திற்கு ஏன் வெண்ணிறம்? வியர்வைக் கறை வெண்டுணியில் அத்துணை விளங்கித் தோன்றாது என்பது பொதுவாகக் கூறப்படுங் காரணம். வெண்ணிறம் வெயிலைத் தள்ளும் என்பாரும் உளர். இரண்டும் பொருத்தமானவையே. ஆயினும் வெள்ளாடையை வெள்ளையாக வைத்திருப்பதற்கு ஆள் வேண்டும். துரை ஒரு மாலைப்பொழுது ஆடிக் கழற்றிய பிளனல் காற்சட்டையை டோபி தோய்த்து, நீலம் போட்டு, மழைக்கும் பனிக்கும் தப்பவைத்து உலர்த்தி, சிரட்டைக் கரியிட்ட இஸ்திரிக்கைப் பெட்டியால் மடிப்புக் குலையாமல் தேய்த்து, மறுமுறை ஆட்டத்திற்கு முன் பங்களாவிற் சேர்ப்பித்தல் வேண்டும். ஆகவே வெள்ளாடை என்பது, தன் துணியைத் தானே தோய்க்கத் தேவையில்லாதவன் என்பதற்கும் ஓர் அடையாளமாயிற்று.

நம் தந்தையார் 1960 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாகத் துரைமாரின் ரெனிஸ் களத்திற் பந்து பொறுக்கியவர். வேலைக்குக் கிடைத்த சில்லறையிலும், அங்கு கண்ட காட்சிகளே அவர் நினைவில் நிலைத்தன. புல் கெடாதிருக்கத் துரைமார் தட்டையான இறப்பர் அடிச் சப்பாத்து அணிவர். பந்து பொறுக்கும் பையன்மாருக்கு அத்தொல்லை இல்லை. அவர்கள் காலில் ஒன்றுமே இல்லை! அதிகாலைப் பனியில் விறைத்த புற்றரையில் ஓடியோடித் தம் பாதம் மரத்துப் போனதை அவர் நகைச்சுவையோடே கூறுவார். சென்னையைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960 இலும் 1961 இலும் விம்பிள்டனில் அரையிறுதி வரை முன்னேறிய காலம் அது. கணக்கப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில், தூய வெள்ளாடையுடன் நின்ற கிருஷ்ணனின் படத்தைத் தந்தையார் கண்டாராம். ‘நம்ம ஆளு ஒருத்தரும் அந்த உடுப்பப் போட்டு நிக்கிறாரே’ என்று லயத்துப் பையன்மாரெல்லாம் அப்படத்தைச் சுற்றி நின்றனராம். அன்று அவர்களைக் கவர்ந்தது வெற்றியோ, ஆடையோ, நாம் அறியோம். இரண்டுமாகவே இருக்கலாம்.

சப்பாத்து என்னுஞ் சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றது. ஆயின் அதன் அடியிலுள்ள இறப்பரோ நம்மவர் கையாற் பிறந்தது. பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட இறப்பர் விதைகளின் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்தது 1876 இல். அவை ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர்க் களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறையிலும் கேகாலையிலும் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கும் இருள் பிரியுமுன் எழுந்து, மரத்தைச் சீவிப் பால் எடுத்தவருள் நம்மவர் பல்லாயிரவர். நம் அத்தையார் ஒருவர் அவிசாவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுவதும் பால் வெட்டியவர். சப்பாத்தின் அடிக்குப் பால் தந்தவர் காலிற் சப்பாத்தில்லை; வெள்ளாடைக்கு நீலம் போட்டவர் உடலில் வெள்ளாடையில்லை. இதனை மனக்கசப்பினாற் கூறுகின்றோமல்லேம். உழைப்பு ஒருவர்க்கும் அதன் பயன் மற்றொருவர்க்கும் ஆன கதை இதுவென்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

ஆடை மரபு கல்லில் எழுதப்பட்டதன்று. உடலின் தேவை முன்னின்றபோதெல்லாம் மரபு வழிவிட்டே வந்திருக்கின்றது. தொடக்க காலத்திற் பெண்கள் தரை தொடும் பாவாடையும் இறுகிய உள்ளாடையும் அணிந்தே பந்தடித்தனர். பிரான்சு நாட்டுச் சுசான் லெங்லென் 1919 இல் விம்பிள்டனில், கெண்டைக்காலளவான தளர்ந்த ஆடையில் ஆடி வென்றார். ஊரார் முகஞ்சுளித்தனர், சில ஆண்டுகளில் அதனையே பின்பற்றினர். அந்நாட்டு ரெனே லகோஸ்த் 1926 இல் அமெரிக்கப் போட்டியில், நீண்ட கைச்சட்டையை விடுத்து, காற்றுப் புகும் குறுங்கைச் சட்டையணிந்து ஆடினார். பிளனல் காற்சட்டை வியர்வையிற் கனத்துக் காலை இழுப்பதை உணர்ந்த இங்கிலாந்தின் பன்னி ஒஸ்டின், 1932 இல் அதே அமெரிக்கப் போட்டியில் முழங்காலுக்கு மேற்பட்ட காற்சட்டையுடன் களமிறங்கினார். இம்மூவரும் ஆடை உடம்புக்காகவே அன்றி உடம்பு ஆடைக்காக அன்று என்பதை ஆடிக் காட்டியவர்.

நிறத்தின் கட்டுப்பாடு மட்டும் விம்பிள்டனில் எளிதில் தளரவில்லை. பெரும்பகுதி வெள்ளையாக இருத்தல் வேண்டும் என்று 1963 இல் விதித்தனர். ஏறத்தாழ முழுவதும் வெள்ளையாக வேண்டும் என்று 1995 இல் இறுக்கினர். 2013 இல் ரொஜர் பெடரர் செம்மஞ்சள் அடியுடைய சப்பாத்து அணிந்து ஆட, அதனை மாற்றுமாறு அப்பெருவீரரிடமே கூறினர். நிலத்தைத் தொடும் அடிப்புறத்தின் நிறமும் அவர்க்குக் கணக்கு! எனினும் 2023 இல் ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்தது. மாதவிலக்கு நாட்களிற் பெண்கள் அடையும் மனவுளைச்சலைக் கருதி, பாவாடையின் கீழ்க் கடுநிறக் குறுங்காற்சட்டை அணிய அவர்க்கு இடமளிக்கப்பட்டது. இதனை வாசித்தபோது நம் பாடசாலைப் பெண் பிள்ளைகளை நினைத்தோம். வெள்ளைச் சீருடைக்கு அஞ்சி அந்நாட்களிற் பாடசாலைக்கு வாராதிருக்கும் பிள்ளைகளை ஆசிரியர் யாவரும் அறிவர். அவர்கள் விளையாட்டைத் துறப்பதற்கும் அதுவே பெருங்காரணம். பழமையைக் கைவிட எளிதில் இணங்காத அக்கழகமே இணங்கிய ஒன்றிற்கு நாம் இணங்காதிருத்தல் எங்ஙனம்?

இனிச் சப்பாத்திற்கு வருவோம். ஆடையின் நிறம் ஆட்டத்திற்கு இன்றியமையாததன்று, சப்பாத்தோ இன்றியமையாதது. ஓட்டப் பந்தயக்காரன் முன்னோக்கி மட்டும் ஓடுவான். ரெனிஸ் ஆடுபவனோ பக்கவாட்டிற் பாய்ந்து, திடீரென நின்று, திரும்பி ஓடுதல் வேண்டும். அவ்வேளையில் உடற்பாரம் முழுவதும் பாதத்தின் வெளிப்புற விளிம்பிற் சாரும். குதி உயர்ந்து மெத்தென்றிருக்கும் ஓட்டச் சப்பாத்து அப்போது காலைப் புரட்டிவிடும். ஆகவே ரெனிஸ் சப்பாத்தின் அடி தட்டையாகவும் அகன்றும், பக்கச் சுவர்கள் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். களத்திற்கேற்ப அடியின் வரிகளும் மாறும். புற்றரைக்குச் சிறு குமிழ்கள்; களிமண் தரைக்கு மீன்முள் போன்ற வளைவரிகள்; சீமெந்துத் தரைக்கு எளிதில் தேயாத தடித்த இறப்பர். அளவு பொருந்தாத சப்பாத்தோ எத்தரையிலும் பகையே.

கல்லூரி விடுதியில் எம்மோடு வாழ்ந்த அன்பர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஞாயிறு மாலையானால் விடுதிச் சுவரோரம் கன்வஸ் சப்பாத்துக்கள் வரிசையாய் வெயிலுக்குச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வெள்ளைப் பூச்சு வாங்கப் பணமில்லாதார் சோக்குத் துண்டுகளை நீரிற் குழைத்துப் பூசிக்கொள்வர். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டில் அனைவர் காலும் ஒன்றுபோல் வெளுத்திருக்கும். தோட்டத்திலிருந்து வந்தவனும் நகரத்துச் செல்வன் மகனும் அவ்வரிசையில் வேறுபடார். சீருடையின் நன்மை அதுவென்பதை நாம் மறுக்கவில்லை. வெள்ளை நம்மைச் சமமாக்கிய நாளும் உண்டு. ஆனால் அங்கு நீரும் வெயிலும், உலர்த்த இடமும், உடன் உதவத் தோழரும் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத்து லயத்தில் நிலை வேறு. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, டிக்கோயா மலைகளை மூடிக்கொள்ளும். பல நாட்கள் வெயிலையே காணோம். பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். பகலெல்லாம் இடுப்பிற் சாக்குப் படங்கு கட்டி மழையிற் கொழுந்தெடுத்த தாய், இருட்டிய பின் பிள்ளையின் வெள்ளைச் சீருடையைத் தோய்த்து, அடுப்பின் மேற் கட்டிய கயிற்றில் உலர்த்துவாள். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற மூத்தோர் மொழியை அவளைப் போற் கடைப்பிடிப்போர் யார்? விடியுமுன் துணி உலரும். ஆயின் விறகுப் புகை அதில் மெல்லிய மஞ்சளாய்ப் படிந்திருக்கும். அதனை அழுக்கென்போர் அவ்வடுப்பைக் கண்டிலர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பாடசாலைக்கு அன்பர் ஒருவர் பழைய ரெனிஸ் மட்டைகள் சிலவற்றைத் தந்தார். முற்றத்திற் கயிறு கட்டி, அதில் மீன் வலையொன்றைத் தொங்கவிட்டு, பிள்ளைகள் ஆடத் தொடங்கினர். அவர்களுள் ஒரு மாணவி, வயது பதின்மூன்று, கொழுந்துக்கூடை சுமக்கும் தாயின் மகள், பந்தை முன்கூட்டியே கணிக்கும் ஆற்றல் இயல்பாய் வாய்க்கப் பெற்றவள். போட்டியொன்றிற்கு அவளை அழைத்துச் சென்றோம். வாயிலில் நின்ற பொறுப்பாளர் ஒருவர் அவள் உடையை மேலுங் கீழும் நோக்கி, ‘இது வெள்ளையில்லையே’ என்றார். புகை படிந்த அந்நிறத்திற்கு நாம் விளக்கங் கூறினோம். நெடுநேரம் பேசியபின் அரை மனத்தோடு உள்ளே விட்டனர்.

முதல் ஆட்டத்தின் நடுவில், வலப்புறம் பாய்ந்த பந்தை எட்டப் போனவள் கால் புரண்டு வீழ்ந்தாள். ஓடிச் சென்று பார்த்தபோதே யாவர்க்கும் உண்மை விளங்கிற்று. அவள் அணிந்திருந்தது இரண்டு அளவு பெரிய சப்பாத்து. முன்புறத்திற் பத்திரிகைத் தாளைத் திணித்திருந்தாள். கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. அவளோ அதனை நோக்கவில்லை. ‘சேர், அண்ணனோட சப்பாத்து சேர். கிழிஞ்சிருச்சா பாருங்க. திங்கக்கிழம அவன் ஸ்கூலுக்குப் போகணும்’ என்றாள்.

அன்பர்களே, ஆடையின் நிறத்தைச் சோதித்த கண்கள் அக்காலைச் சோதிக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவள் உடையின் மஞ்சள் நிறத்தால் யார்க்கும் எவ்விதத் தீங்கும் இல்லை. அவளுக்குத் தீங்கு செய்தது பொருந்தாச் சப்பாத்து. விதிகள் எதைக் காக்க வேண்டுமோ அதைக் காவாமல், எதைக் காக்கத் தேவையில்லையோ அதைக் காத்து நின்றன. இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இதுவே.

வெறுங்காலோடு வென்ற கதைகள் நம்மிடையே பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. கல்கத்தாவின் மோகன் பகான் அணி 1911 இல், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, சப்பாத்தணிந்த ஆங்கிலப் படையணியை உதைபந்தாட்டத்தில் வென்று கேடயம் பெற்றது. அடிமைப்பட்ட நாட்டிற்கு அது பெருமையே, ஐயமில்லை. ஆயின் அவ்வீரர்தம் புகழைக் காட்டி, நம் பிள்ளைகளுக்கும் வெறுங்காலே போதும் என்பது பொருந்தாது. வறுமையை வென்றவனைப் புகழ்தல் வேறு; வறுமையைப் புகழ்தல் வேறு.

வெறுங்கால் விளையாட்டிற்கு மட்டுமன்றி உடல்நலத்திற்கும் கேடு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியே உடலிற் புகுந்து இரத்தச் சோகையை விளைக்கும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதனை ஒழிக்கும் பணியைத் தொடங்கினர். மருந்தும் மலசலகூடமும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு காலணியும் வேண்டும். அண்மை ஆண்டுகளில் அரசு தோட்டப் பாடசாலை மாணவர்க்குச் சப்பாத்து வாங்கப் பற்றுச்சீட்டு வழங்கியது நன்றிக்குரியது. ஆயினும் பாடசாலைக்கென வாங்கும் ஒரு சோடி, வகுப்பிற்கும் மலைப்பாதைக்கும் விளையாட்டிற்கும் ஒருங்கே உழைத்து, ஆண்டு முடியுமுன் வாய் பிளந்துவிடுகின்றது.

அம்மாணவியின் கால் குணமாகச் சில வாரங்கள் ஆயின. பின்னர் நம் பாடசாலை ஆசிரியர்கள் கூடிச் சிறு தொகை சேர்த்தனர். அட்டன் நகரக் கடைக்குப் பிள்ளைகளையெல்லாம் அழைத்துச் செல்லல் இயலாது. ஆதலின் ஒவ்வொருவர் பாதத்தையும் தடித்த தாளில் வைத்துப் பென்சிலாற் கோடிழுத்து, அத்தாள்களைக் கடைக்குக் கொண்டு சென்றோம். கால் மாலையிற் சற்றே வீங்குமாதலின் மாலையிலேயே அளவெடுத்தல் நன்று. பெருவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் இருத்தல் வேண்டும். நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்தாற் பசை விட்டு அடி கழன்றுபோம். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். முன்பு அளவு நிரப்பத் திணித்த அதே தாள், இப்போது ஈரம் உறிஞ்சத் திணிக்கப்படுகின்றது. அடுத்த ஆண்டுப் போட்டியில் அம்மாணவி தன் சொந்தச் சப்பாத்தில் இரண்டு சுற்றுக்கள் வென்றாள். மூன்றாஞ் சுற்றிற் தோற்றாள். ஆயின் தன் காலாற் தோற்றாளல்லள்.

எம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். விழாக் காலத்தில் மண்டபமும் மணிக்கூண்டும் எழுப்புதல் சிறப்பே. அவற்றோடு சிறு நிதியொன்றையும் நிறுவுவோமாக என்பது நம் வேண்டுகோள். மலையகப் பாடசாலைகளில் விளையாடும் பிள்ளைகளுக்கு, கால் அளந்து, களத்திற்கேற்ற சப்பாத்து வழங்குவது அதன் ஒரே பணியாகட்டும். அளவு பாராது மூட்டையாய் அனுப்பும் பழைய சப்பாத்துக்கள் அன்பின் அடையாளமே எனினும், அவை காலைப் புரட்டக்கூடியன. மேலும், நம்மவர் நடாத்தும் போட்டிகளிலேனும் தூய உடை போதும், வெண்மை வேண்டாம் என்று விதி செய்வோமாக. ஹில் கிளப்பிலும் விம்பிள்டனிலும் அவரவர் வழக்கம் அவரவர்க்கு. நம் பிள்ளைகளின் களத்தில் நம் பிள்ளைகளின் தேவையே வழக்கமாகட்டும்.

பாதுகையை அரியணையில் வைத்து நாடாண்ட பரதன் கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். அண்ணன் காலிலிருந்த பாதுகையைத் தலையிற் சுமந்த தம்பியின் அன்பை வியக்கின்றோம். அண்ணனின் சப்பாத்தைக் காலிலிட்டு ஓடி வீழ்ந்து, அது கிழிந்ததோ என்று கலங்கிய தங்கையின் அன்பு அதற்கு எவ்வகையிற் குறைந்தது? அத்தகைய பிள்ளைகள் இம்மலைகளில் இன்னும் பலர் உளர். அவர்தம் காலுக்கு ஏற்றதைக் கொடுப்போம். ஓட்டத்தை அவர்களே பார்த்துக்கொள்வர்.

கல்லூரி அன்னை வாழ்க! அவள் மக்கள் செய்யும் அறம் வளர்க!